ஒரே மரம், மூன்று முட்டி: கள்ளுச் சீவும் வீட்டுக்குப் போய் ருசி பார்க்கும் முறை

வைனுக்கு வயது ஆண்டுக் கணக்கு. கள்ளுக்கு மணிக் கணக்கு. காலை ஆறரைக்கு மரத்தால் இறங்கிய கள்ளும், அதில் மிஞ்சியதைப் பின்னேரம் நாலு மணிக்கு ஊற்றினால் வருவதும் வேறு வேறு குடிவகை. தவறணையில் ஒரு போத்தல் குடித்துவிட்டு "கள்ளெண்டா புளிப்புத்தானே" என்று சொல்பவரோடு சண்டை பிடித்துப் பயனில்லை. அவர் கையில் கிடைத்தது புளித்த நேரத்துக் கள்ளு. மட்டக்களப்பு, அம்பாறைக் கரையோரத்தில் சீவுகிற குடும்பத்தின் வளவுக்கே போய், ஒரே மரத்துக் கள்ளை மூன்று வயதில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் அந்தக் குடும்பத்தின் கைப்பக்குவம் தெரியும். அதைச் செய்யும் விதம் கீழே.

போவதற்கு முன்

பனைக்குப் பருவம் உண்டு. மாரி ஓய்ந்து தை, மாசியில் பாளை தள்ளத் தொடங்கினால் ஆனி, ஆடி வரை சீவலாம். தென்னை ஆண்டு முழுவதும் தரும். ஆனால் கார்த்திகை, மார்கழியில் போகாதீர்கள். மழைநீர் முட்டிக்குள் (பாளையில் கட்டும் பானைக்குள்) இறங்கிக் கள்ளைச் சப்பாக்கும், மரம் வழுக்கும், ஏறுகிறவர் உங்களுக்காக அவசரப்பட வேண்டிவரும். பனையும் தென்னையும் இரண்டையும் ஒப்பிட வேண்டுமென்றால் பங்குனி, சித்திரை திறம்.

கள்ளு இறக்கவும் விற்கவும் மதுவரித் திணைக்கள உரிமம் வேண்டும். உரிமத்தோடு தொழில் செய்கிற குடும்பமா என்பதை முதலே கேளுங்கள். கேட்பதில் குறைவொன்றுமில்லை, உரிமம் உள்ளவர் சந்தோசமாகச் சொல்வார். போயா நாளில் விற்பனை இல்லை. 21 வயதுக்குக் குறைந்தவருக்கு மதுபானம் விற்பதும் சட்டப்படி குற்றம், ஆகவே பிள்ளைகளோடு போவதென்றால் அவர்களுக்குக் கருப்பநீர் (சுண்ணாம்பு தடவிய முட்டியில் இறக்கிய, புளிக்காத இனிப்புச் சாறு) சொல்லிவையுங்கள்.

இரண்டு நாள் முன்னே போன் எடுங்கள். கேட்க வேண்டியவை: எந்த மரம் சீவுகிறார், காலையில் எத்தனை மணிக்கு ஏறுவார், எந்த முட்டிக்கும் சுண்ணாம்பு தடவுகிறாரா. அதோடு ஒரு வேண்டுகோள்: நீங்கள் வரும் நாளுக்கு முந்தின நாள் காலை இறக்கியதில் அரைப் போத்தலும், அன்று பின்னேரம் இறக்கியதில் அரைப் போத்தலும் அதே மரத்திலிருந்து தனியாக எடுத்துவைக்கச் சொல்லுங்கள். சாதாரணமாக எல்லா மரத்துக் கள்ளையும் ஒரே பானையில் கலந்துவிடுவார்கள். நீங்கள் சொல்லாவிட்டால் ஒப்பிட ஒன்றும் மிஞ்சாது. இது அவருக்கு மேலதிக வேலை, அதற்கும் சேர்த்துக் காசு கொடுப்பதாக அப்போதே பேசிவிடுங்கள்.

பேச்சில் ஒரு கவனம். வயதைப் பார்த்து அண்ணன், மாமா, ஐயா என்று கூப்பிடுங்கள். சாதியைச் சுட்டும் பழைய சொற்கள் சிலருடைய வாயில் பழக்கமாக வரும். அந்த வளவுக்குள் அவை வரவே கூடாது.

சாப்பிட்டுவிட்டுப் போங்கள், ஆனால் காரமில்லாமல். இடியப்பமும் சொதியும் போதும். சம்பலும் கருவாடும் நாக்கை இரண்டு மணி நேரம் கெடுத்துவைக்கும். வெற்றிலை, சுருட்டு, வாசனைப் பவுடர் எதுவும் வேண்டாம். பையில் வைக்க வேண்டியது: ஒரே அளவான நிறமற்ற கண்ணாடிக் கிளாஸ் ஆளுக்கு மூன்று, கொதித்தாறிய தண்ணீர், உப்பில்லாத வெறும் பாண் அரை றாத்தல், ஒரு வெள்ளைத் துணி. ஓட்டிக்கொண்டு திரும்புவதற்குக் குடிக்காத ஒருவர். மோட்டார் சைக்கிளில் தனியே போய் ருசி பார்த்துவிட்டு ஓடிவரலாம் என்ற எண்ணமே வேண்டாம்.

மரத்தடியில்

ஆறு மணிக்கு முன்பே நில்லுங்கள், ஆனால் மரத்துக்கு நேர் கீழே அல்ல. பாளைக்கத்தி நழுவும், முட்டி நழுவும், தேங்காய்க்குச் சொல்லவே வேண்டாம். ஐந்தாறு மீற்றர் தள்ளி நின்றால் போதும். கத்தியைத் தொட்டுப் பார்க்கக் கேட்காதீர்கள். தாளை வெட்டுகிற கூரில் தீட்டி வைத்திருப்பார்கள். விரல் பட்டால் வெட்டும்.

மேலே நடப்பது இதுதான். விரியாத தென்னம்பாளை ஒன்றைத் தெரிந்து, வெடிக்காதபடி வரிந்து கட்டி, தட்டுப்பொல்லால் நீளத்துக்கு மெதுவாகத் தட்டி வருவார்கள். பலமாகத் தட்டினால் உள்ளே பூ நசிந்து அழுகும், பயந்து தட்டினால் சாறு வராது. ஒரு வாரம், பத்து நாள் இப்படிப் பழக்கியபின் நுனியைச் சீவ, சொட்டத் தொடங்கும். அதற்குப்பின் காலையும் மாலையும் சீவ வேண்டும். விட்டால் வெட்டுவாய் காய்ந்து அடைத்துக்கொள்ளும். பனையில் ஆண் மரமென்றால் விரல் விரலாக நிற்கும் பாளைகளைக் கடிப்பு என்ற மரக் கிடுக்கியால் நசித்து ஒன்றாகக் கட்டுவார்கள். பெண் பனையில் இளங்குரும்பைகளுக்கு இடையே நசிப்பார்கள். களுத்துறைப் பக்கத்தில் மரத்துக்கு மரம் கயிறு கட்டி மேலேயே நடந்து போவார்கள். தளைநாரோடு (காலில் மாட்டும் நார் வளையத்தோடு) ஒவ்வொரு மரமாக ஏறி இறங்குபவருக்கு அந்த வசதி இல்லை. ஒரு காலையில் எத்தனை மரம் என்று கேட்டுப் பாருங்கள், விலை பேசும் ஆசை தானாகக் குறையும்.

இறங்கி வந்ததும் சீவிய துண்டைக் காட்டச் சொல்லுங்கள். பாக்குச் சீவல் மாதிரி, வெளிச்சம் தெரிகிற மெல்லிய வில்லை. இந்த வில்லையின் கனம்தான் அவருடைய கைத்திறம். தடிப்பாகச் சீவுகிறவருக்குப் பாளை சீக்கிரம் தீர்ந்துவிடும். மெல்லிசாகச் சீவுகிறவர் ஒரே பாளையில் ஒரு மாதத்துக்கு மேல் ஓட்டுவார். நன்றாகத் தருகிற தென்னை ஒரு நாளைக்கு ஒன்றரை லீற்றர் தரும் என்று வைத்தால், சுமார் மூன்று விநாடிக்கு ஒரு சொட்டு. நாளெல்லாம், இரவெல்லாம்.

இந்தக் கணக்கு ருசிக்கும் முக்கியம். காலை இறக்குகிற முட்டி முந்தின மாலை கட்டியது. அதற்குள் பன்னிரண்டு மணி நேரத்துச் சொட்டும் இருக்கிறது, ஐந்து நிமிடத்துச் சொட்டும் இருக்கிறது. பாளையிலிருந்து விழும்போது அது வெறும் இனிப்பு நீர், நூற்றுக்குப் பன்னிரண்டு பதினைந்து பங்கு சீனி. ஆனால் முட்டியின் உள்சுவரில் ஊறிக் கிடக்கும் நொதி (சீனியை வெறியாக்கும் ஈஸ்ட் நுண்ணுயிர்) உடனே வேலையைத் தொடங்கிவிடும். ஆகவே "இப்பத்தான் இறக்கினது" என்பதும் அரைவாசி புளித்ததுதான். மரம் தருகிற அசல் சாற்றைப் பார்க்க ஆசையென்றால், வெந்நீரில் கழுவிய புது முட்டியை ஆறரைக்குக் கட்டி எட்டரைக்கு இறக்கித் தரச் சொல்ல வேண்டும். இரண்டாம் முறை ஏறுவதற்குத் தனிக் கூலி. அந்தக் காசு வீண் இல்லை.

வளவில் வீட்டு மூத்தவர் யாரும் இருந்தால், எந்த மரம் 1978ஆம் ஆண்டு நவம்பர் சூறாவளிக்கு முந்தியது என்று கேளுங்கள். இந்தக் கரையில் தென்னையை அடியோடு சாய்த்த காற்று அது. அப்படி நிற்கும் மரம் இருந்தால் விரலால் காட்டுவார்கள்.

ருசி பார்ப்பது

நிழலில் ஒரு மேசை, வெள்ளைத் துணி, அதன்மேல் மூன்று கிளாஸ். இடமிருந்து வலம்: இன்று காலை இறக்கியது, நேற்றுப் பின்னேரம் இறக்கியது, நேற்றுக் காலை இறக்கியது. ஒவ்வொன்றிலும் 50 மில்லி, அதற்கு மேல் வேண்டாம். ஐஸ் போடாதீர்கள். குளிர் புளிப்பையும் மறைக்கும், குறையையும் மறைக்கும். வடித்துத் தருவது பெரும்பாலும் பன்னாடையால்தான், தென்னை மட்டையடியில் இருக்கும் வலை போன்ற நார். ஊரில் ஆளை வைவதற்கு வைத்திருக்கும் சொல், இங்கே நல்ல வடி. வடித்தபின் கிளாஸில் எறும்பு ஒன்றிரண்டு மிதந்தால் முகம் சுளிக்க வேண்டாம். இனிப்பு இருந்த இடத்துக்கு எறும்பு வந்தது, அவ்வளவுதான்.

முதலில் கண். பாளைச்சாறு கலங்கிய கண்ணாடி போல இருக்கும். நொதி பெருகப் பெருகப் பால் நிறம் ஏறும். முதல் கிளாஸ் இளநீருக்கும் பாலுக்கும் நடுவில், இரண்டாவது தேங்காய்ப்பால் மூன்றாம் பிழிவு போல, மூன்றாவது அடியில் வெள்ளைப் படிவோடு மேலே கொஞ்சம் தெளிந்து நிற்கும். நுரையைப் பாருங்கள். கிளாஸின் அடியிலிருந்து ஊசிமுனைக் குமிழி விடாமல் ஏறினால் நொதிப்பு உயிரோடு இருக்கிறது. ஊற்றும்போது மட்டும் பெரிய குமிழியாகப் பொங்கி உடனே அடங்கினால் அது வேகமாக ஊற்றியதால் வந்த நுரை.

பிறகு மூக்கு. கிளாஸை ஒருமுறை சுழற்றி, ஒரு மூச்சு. முதல் கிளாஸில் இளநீர், தென்னம்பூ. இரண்டாவதில் அப்ப மா புளித்த வாசம், நன்றாகப் பழுத்த வாழைப்பழம். மூன்றாவதில் வினாகிரியின் நுனி மூக்கைச் சுண்டும். பனங்கள்ளென்றால் இவை எல்லாவற்றின் அடியிலும் ஒரு கனத்த மணம், பனம்பழத்தை நெருப்பில் வாட்டும்போது எழுமே, அதன் மெலிந்த சாயல். பழகாதவருக்கு முதல் தடவை பிடிக்காது. இரண்டாம் கிளாஸுக்குப் பிறகு தீர்ப்புச் சொல்லட்டும்.

பிறகு வாய். ஒரு மிடறு எடுத்து மூன்று விநாடி நாக்கில் உருட்டி விழுங்குங்கள். பார்க்க வேண்டியது ஒழுங்கு: எது முதலில் வருகிறது, எது கடைசியில் நிற்கிறது. முதல் கிளாஸில் இனிப்பு முன்னே, குமிழி பின்னே, வெறி மிகக் குறைவு. இரண்டாவதில் இனிப்பும் புளிப்பும் தோளோடு தோள். எங்கள் கணிப்பில் நல்ல சீவலாளியின் கள்ளு உச்சத்தில் இருப்பது இங்கேதான். மூன்றாவதில் சீனி பெரும்பாலும் தீர்ந்து வெறி நூற்றுக்கு ஐந்து ஆறு வரை ஏறியிருக்கும், புளிப்புத் தொண்டையைப் பிடிக்கும். ஒவ்வொன்றுக்கும் நடுவில் ஒரு துண்டுப் பாண், ஒரு வாய் தண்ணீர்.

ஒரு சுற்று முடிந்ததும் மறுபடி அதே அளவு ஊற்றி, தலைகீழாக, வலமிருந்து இடமாக இன்னொரு சுற்று. புளித்ததைக் குடித்துவிட்டு இளசைத் தொட்டால் முதல் சுற்றில் தெரியாத இனிப்பு இரட்டிப்பாகத் தெரியும். இரண்டு சுற்றும் சேர்ந்து 300 மில்லி. ஒரு சிறிய பியர் அளவு. ருசி பார்ப்பது அதோடு முடிந்தது. அதற்குப் பிறகு குடிப்பது குடிப்பதற்காக.

பொரித்த இறால், கணவாய், கடலை, அவித்த மரவள்ளி எல்லாம் வீட்டார் அன்போடு கொண்டுவந்து வைப்பார்கள். "சாப்பிடுங்க மனே" என்று அம்மா கட்டாயப்படுத்தும்போது மறுப்பது கஷ்டம். ஆனாலும் இரண்டு சுற்று முடியும் வரை தட்டைக் கொஞ்சம் தள்ளியே வைத்திருங்கள்.

நீரிழிவுக்காரர், கர்ப்பிணிகள், மெட்ரோனிடசோல் போன்ற மருந்து எடுப்பவர்கள் மணத்தோடு நிறுத்திக்கொள்ளட்டும். கருப்பநீரும் நீரிழிவுக்காரருக்கு ஆகாது, அது சீனிப்பாணிக்குத் தம்பி.

குறைகளும் காரணமும்

இன்று காலை இறக்கியதிலேயே வினாகிரி வாசம் அடித்தால் முட்டி கழுவவில்லை, அல்லது நேற்று மாலை ஏறாமல் விட்டிருக்கிறார்கள். கழுவாத முட்டியில் பழைய புளிப்பு ஒட்டிக்கொண்டு புதுச் சாற்றையும் இழுத்துக்கொண்டு போகும். முட்டியைத் தினம் கழுவி, வெயிலில் வாயைக் கவிழ்த்து, இடையிடையே புகை காட்டுகிற வீட்டில் இந்தக் குறை வராது. வேலியோரம் கவிழ்த்த முட்டிகள் வரிசையாகக் காய்கின்றனவா என்று வந்தவுடனே ஒரு பார்வை பார்த்துக்கொள்ளுங்கள். ருசி பார்க்கும் முன்பே பாதி விடை அங்கே கிடைக்கும்.

புளிப்பும் இல்லை, குமிழியும் இல்லை, ஆனால் இனிப்பு மட்டும் விழுங்கியபின்னும் நாக்கில் ஒட்டிக்கொண்டு நிற்கிறது. மரத்துச் சீனி அப்படி நிற்காது, வந்து போகும். கடைச் சீனியோ சக்கரினோ தண்ணீரோடு சேர்ந்திருக்கிறது. நிறத்திலும் காட்டும்: தண்ணீர் விட்ட கள்ளு அரிசி கழுவிய நீர் போல நீலம் பாயும்.

கிளாஸைச் சரித்தால் கள்ளு கொழகொழவென்று நூலாக இறங்கினால், நொதிக்குப் பதில் வேறு நுண்ணுயிர் கை ஓங்கிவிட்டது. சீனியைச் சாராயமாக்காமல் பசையாக்கும் இனம் அது. வெக்கையான நாளில், பாளை அழுகத் தொடங்கிய மரத்தில் வரும். ஊற்றிவிடலாம், வீட்டார் கோபிக்க மாட்டார்கள், அவர்களும் அதைக் குடிக்க மாட்டார்கள்.

நாக்கு சொரசொரவென்று மாப்பிடித்த மாதிரி இருந்தால் சுண்ணாம்பு கூடியது. முட்டியின் உள்ளே சுண்ணாம்பு தடவினால் சாறு புளிக்காமல் கருப்பநீராக நிற்கும், அதைக் காய்ச்சித்தான் பனங்கட்டி. ஏழெட்டு லீற்றர் வற்றினால் ஒரு கிலோ. அளவு பிசகினால் இனிப்பு நீர் கசந்து வாயைப் பொள்ளும். அரை மணி நேரம் அசையாமல் வைத்து மேல்தெளிவை மட்டும் வடித்தால் ஓரளவு சரிவரும். சுண்ணாம்பு முட்டிக் கருப்பநீரைக் கள்ளோடு கலந்து "இனிப்புக் கள்ளு" என்று தந்தாலும் இதே சொரசொரப்புக் காட்டிக்கொடுக்கும்.

முட்டியின் வாயைப் பன்னாடையாலோ துணியாலோ மூடுகிறார்களா என்று கட்டாயம் கேளுங்கள். வௌவாலுக்கும் பாளைச்சாறு பிடிக்கும். பங்களாதேஷில் நிபா வைரஸ் மனிதருக்கு வந்த வழிகளில் ஒன்று, வௌவால் வாய்வைத்த ஈச்ச மரச் சாற்றைப் பச்சையாகக் குடித்தது. மூடாத முட்டியென்றால் குடிக்காதீர்கள், சிரித்துக்கொண்டே வேண்டாமென்று சொல்லலாம்.

இன்னொன்று. இரண்டு மூன்று மிடறிலேயே கண் சொக்கினாலோ நாக்குத் தடித்தாலோ அது கள்ளின் வேலை இல்லை. கிளாஸை வைத்துவிட்டு எழும்புங்கள். பெயரில்லாத போத்தலில் "கள்ளக் காய்ச்சினது" என்று யாராவது நீட்டினால் அது கசிப்பு, கள்ளச் சாராயம். வாங்கவும் வேண்டாம், மணந்து பார்க்கவும் வேண்டாம்.

வீட்டுக்குக் கொண்டுவருவது

மூடியை இறுக்கினால் வழியிலேயே வெடிக்கும். பிளாஸ்டிக் போத்தலில் முக்கால்வாசி மட்டும் ஊற்றி, மூடியைத் திருகி அரைச் சுற்றுப் பின்னே விட்டு, நிமிர்த்தி வையுங்கள். கண்ணாடிப் போத்தல் வேண்டவே வேண்டாம். மட்டக்களப்புக் கள்ளியங்காட்டிலிருந்து கல்முனை போகிற தூரத்துக்குள்ளேயே அது வேறு கள்ளாகிவிடும் என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: ஐஸ் பெட்டி புளிப்பைத் தாமதிக்கும், நிறுத்தாது.

புளிக்க விரும்பினால் வாய் அகன்ற சாடியில் ஊற்றி மெல்லிய துணியால் கட்டி நிழலில் விட்டுவிடுங்கள். காற்றுப் பட வேண்டும். சில கிழமைகளில் மேலே ஆடை படர்ந்து வினாகிரி ஆகும், அச்சாறுக்குக் கடை வினாகிரியைவிட மென்மை.

ஆனால் இரண்டாம் கிளாஸ் வயதுக் கள்ளில் 150 மில்லி மிஞ்சினால் அதற்கு நேரான இடம் அப்ப மா. அரைக் கிலோ பச்சையரிசி மாவைக் கெட்டியாகக் குழைத்து, ஒரு கரண்டி சீனியோடு கள்ளை விட்டு, பாத்திரத்தில் பாதிக்கு மேல் நிரப்பாமல் மூடுங்கள். மூன்று நாலு மணி நேரத்தில் இரட்டிக்கும். சுடுவதற்குச் சற்று முன் தேங்காய்ப்பாலும் உப்பும் சேர்த்து இளக்குங்கள், முதலே உப்புப் போட்டால் நொதிப்பு மந்தமாகும். மா பொங்காமல் கிடந்தால் கள்ளு கிழடு. கரையெல்லாம் மொறுமொறுவென்று, நடுவில் தேன்கூடு போலக் கண் திறந்து அப்பம் வந்தால், அந்த வீட்டு முட்டி சுத்தம்.